அமெரிக்கக் கடிதத்தில் மஞ்சள்

பலெர்மோ, 3-2-1991, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முன்பே சொன்னவன். நத்தார்ப் பண்டிகைக்கு அமெரிக்காவிலிருந்து கடிதம் வராதபோதே சொன்னேன், கிழவி இனிப் படுக்கையில் விழுந்துவிடும் என்று. ஒருவரும் காது கொடுக்கவில்லை. இன்றைக்கு விழுந்துவிட்டா. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா. சாப்பாடு வேண்டாமாம்.

இந்தக் கொப்பி மருந்துக்கடைக்காரன் புதுவருடத்துக்கு இலவசமாகத் தந்தது. கந்தவனம் என்று ஒரு மனிதன் இத்தாலியில் எப்படி வாழ்ந்தான் என்று நாளைக்கு ஊர் கேட்கும். ஆகவே எழுதி வைக்கிறேன்.

நான் சின்யோரா அசுந்தாவின் வீட்டோடு தங்கி அவவைப் பார்க்கிறேன். சமையல், துடைப்பு, சந்தைக்குப் போவது எல்லாம் நான்தான். அவவுக்கு ஒரே ஒரு தம்பி, பெயர் கலோஜெரோ. பத்தொன்பது வயதில் கப்பலேறி நியூயோர்க் போனவர், சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்து அங்கேயே கிழவனாகிவிட்டார். மாதம் ஒரு கடிதம் தப்பாமல் வரும். கிழவிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மகன் பீனோவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் விளங்காது. அந்த மனிதர் எழுதுவது இத்தாலியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. வேலையை ‘ஜொப்பா’ என்பார். கடையை ‘ஸ்தோரு’ என்பார். முதலாளி ‘பொஸ்ஸு’. ஆங்கிலச் சொல்லைப் பிடித்து அதன் வாலில் ஒரு சிசிலி மணியைக் கட்டிவிடுவார். பீனோ காப்புறுதிக் கந்தோரில் கழுத்துப்பட்டி கட்டி இருக்கிறவன். “இது நாய்ப்பாஷை” என்று மேசையில் எறிவான்.

நான் எடுத்து வாசிப்பேன். எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் நான்தான் முதலாம் பிள்ளை. விளங்காத இடத்தில் என் பங்குக்குக் கொஞ்சம் சேர்ப்பேன், கறிக்கு உப்புச் சேர்ப்பதுபோல. போன வருடம் ஒரு கடிதத்தில் அவர் பல் பிடுங்கியதை மட்டும் எழுதியிருந்தார். நான் வாசித்து முடித்தபோது அதில் ஒரு கல்யாணமும் ஒரு தீவிபத்தும் இருந்தன. கிழவி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தா.

5-2-1991

பால் இரண்டு கரண்டி. அதுவும் பாதி தலையணையில்.

7-2-1991

பீனோ வந்தான். தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் குசினிக்குக் கூப்பிட்டான்.

“இப்பிடியே கிடந்தா கன்னியாஸ்திரிகளின்ர முதியோர் இல்லத்திலதான் கொண்டுபோய் விடவேணும். வீட்டைப் பூட்டினா நீயும் வேற இடம் பார்க்க வேணும், கண்டோ.”

இங்கே எல்லோருக்கும் நான் கண்டோ. கந்தவனம் என்ற பெயர் இவர்கள் வாயில் பாதிவழியில் நின்றுவிடும். இவர்கள் சிசிலிப் பாஷையில் பேசுவதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். கேட்கும்போது அப்படித்தான் கேட்கிறது.

“மாமாவுக்கு நீங்கள் ஒருக்கா போன் எடுத்தால் என்ன?” என்றேன்.

“இந்த வீட்டுப் பங்குக்காக என்னைக் கள்ளன் எண்டு எழுதினவரோட எனக்கென்ன கதை?” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பின்னேரம் அரிசிச் சூப் வைத்தேன். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அவ எப்போது திரும்புவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சூப் ஆறிவிட்டது. நானே குடித்தேன். உப்பு நன்றாகத்தான் இருந்தது.

10-2-1991, ஞாயிறு

வாகீசனோடு மலை ஏறினேன். வாகீசன் என் மருமகன், அக்காவின் ஒரே பிள்ளை. ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறான். மலைக்குகையில் இருக்கிற சாந்தா ரொசாலியா மாதாவிடம் பலெர்மோத் தமிழர் எல்லோரும் போவோம், சைவம் கிறிஸ்தவம் என்று பார்ப்பதில்லை. வெறுங்காலோடு ஏறினால் கேட்டது கிடைக்கும். நான் நின்று இளைக்காமல் ஒரே மூச்சில் ஏறிய ஆள் என்று இங்கே பெயர். இன்றைக்கு இடையில் நின்றது கடலைப் பார்ப்பதற்காக.

“மாமா, சித்திரையில நான் ஊருக்குப் போறன்.”

“எந்த ஊருக்கு?”

“அம்மாட்ட. சண்டையில பாதை பூட்டின நாளில இருந்து ஒரு சொல்லும் இல்லை. கொழும்பில இறங்கி எப்பிடியும் யாழ்ப்பாணம் போயிடுவன்.”

“இடையில ஆமி பிடிச்சா?”

“பிடிக்கட்டும். கோப்பை கழுவேக்க தண்ணிக்குள்ள அம்மான்ர முகம் தெரியுது. உங்களுக்கு அவ அக்கா மட்டும்தான்.”

அக்கா மட்டும்தானாம். தாய் செத்தபிறகு எனக்குச் சோறூட்டியது யார் என்று இவனுக்குத் தெரியாது. எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இப்படி இங்கிருந்து ஊருக்குப் போன பெடியளில் இரண்டு பேரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. குகையில் மெழுகுதிரி கொளுத்தினேன். இவன் போகக்கூடாது என்றுதான் கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை.

14-2-1991

நல்ல செய்தி! கொழும்பிலிருந்து திருஞானம் போன் எடுத்தார், வெள்ளவத்தையில் லொட்ஜ் நடத்துகிறவர். எங்கள் ஊரிலிருந்து ஒரு ஆள் தப்பித் தவறி வந்து சேர்ந்திருக்கிறாராம். ஷெல் விழுந்து ஊர்ச்சனம் முழுக்க ஊரை விட்டு எழும்பிவிட்டதாம். அக்கா சுகம். உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் மற்றச் சனத்தோடு இருக்கிறாவாம். கால் நோ கூட இல்லையாம். ‘தம்பி எழுதிற கடிதத்தில பாதி விளங்கேல்லை, பெர்மெஸ்ஸோ எண்டால் என்ன, லவோரோ எண்டால் என்ன, வெள்ளைக்காரச் சொல்லைக் குறைக்கச் சொல்லுங்கோ’ என்று சொல்லிவிட்டாவாம். தங்கும் அனுமதி, வேலை என்று நான் எழுதியிருக்கலாம்தான். அவ பேசினால் அப்படித்தான்.

உடனே வாகீசனின் கடைக்கு ஓடினேன். சவர்க்காரக் கையோடு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “அம்மாதான் மாமா, அம்மாவேதான்! வேற ஆர் இப்பிடி ஏசுறது?” என்றான். அழுதான். நானும் கொஞ்சம் கண் கலங்கினேன், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பயணத்தை இப்போதைக்கு நிற்பாட்டிவிட்டான். நான் சொன்னேன் அல்லவா, மாதா கைவிடமாட்டா.

19-2-1991

அமெரிக்கக் கடிதம் வந்தது. உறையில் எழுத்து வேறு. குசினியில் நின்று வாசித்தேன். முழுக்க ஆங்கிலம், சிசிலி மணி ஒன்றும் இல்லை. மகள் லூசி எழுதியிருக்கிறா. உள்ளே ஒரு சின்னப் படம், மரியாயின் மடியில் யேசு. பின்பக்கம் கலோஜெரோவின் பெயரும் இரண்டு திகதிகளும் அச்சில்.

கோப்பி பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. துடைத்தேன். பிறகு கழுவித் துடைத்தேன். அந்தப் படத்தை என்னுடைய பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினேன்.

“கண்டோ, கடிதமோ?” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. பதினாறு நாளைக்குப் பிறகு அவவாகப் பேசிய முதல் சொல்.

“ஓம் சின்யோரா!”

“என்னவாம்?”

“ஈஸ்டருக்கு வாறாராம்.”

21-2-1991

சூப் முழுக்க. ஒரு துண்டுப் பாணும்.

24-2-1991, ஞாயிறு

வாகீசன் வந்து சாமி கும்பிடப்போனவன் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஆங்கிலம் ஓரளவு ஓடும். எனக்கு ஓடுகிற அளவு இல்லை.

“மாமா, இந்தாள் செத்துப்போச்சுதெல்லோ?”

“மெல்லக் கதை.”

“தை மாதமே செத்துப்போச்சு. நீங்கள் ஈஸ்டருக்கு வாறார் எண்டு சொல்லியிருக்கிறியள். படிக்கட்டில கீழ்வீட்டு மனிசி எனக்கே சொல்லுது.”

“இப்ப சாப்பிடுறா.”

“ஈஸ்டருக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு வருவியள்? என்னை வேசம் போடச் சொல்லுவியளோ?”

“உன்ர மூக்குக் காணாது.”

அவன் சிரிக்கவில்லை. “கேக்கிற சனத்திட்ட உண்மையைச் சொல்லுங்கோ மாமா. தெரியாமக் கிடக்கிறதுதான் நரகம். எனக்குத் தெரியும்” என்றான். படத்தைப் பிள்ளையாருக்குப் பின்னால் பழையபடி வைத்தான், மிகவும் கவனமாக.

சின்னப் பெடியன். சாப்பிடாத மனிதருக்கு முன்னால் கோப்பையோடு நின்று பார்த்தவன் இல்லை.

4-3-1991

பீனோ தாய் எழும்பி இருப்பதைக் கண்டு என் தோளில் தட்டினான். முதியோர் இல்லம் இப்போதைக்கு இல்லை. போகும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டான். “அந்தக் கடிதத்தை ஒருக்கால் காட்டு. எந்தக் கப்பல், எந்தப் பிளேன் எண்டு போட்டிருக்கோ?”

“நாளைக்கு விபரமா இன்னொண்டு வருகுது” என்றேன். வாயில் வந்துவிட்டது.

6-3-1991

நேற்று மத்தியானம் கிழவி உறங்கியதும் எழுத உட்கார்ந்தேன். கலோஜெரோவின் எழுத்து நண்டு ஊர்ந்ததுபோல இருக்கும், அதைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. பாஷைதான் கஷ்டம் என்று நினைத்தேன். இல்லவே இல்லை! ஜொப்பா விட்டாயிற்று, பொஸ்ஸு நல்லவன், ஸ்தோருவில் உனக்கு ஒரு சால்வை வாங்கினேன், என்று பேனை தானாக ஓடியது. நான் அக்காவுக்கு எழுதுவதும் இப்படித்தானே. வீட்டை விட்டு வெகுகாலம் வெளியே இருக்கிறவனுக்கு இரண்டு பாஷையும் ஒரே பைக்குள் கலந்துவிடும், கையை விட்டால் எது வருகிறதோ அதுதான். எஸ்.எஸ்.சி.யில் ஆங்கிலத்துக்கு விசேட சித்தி எடுத்தவனுக்கு இதெல்லாம் தூசு. கடைசியில் ‘ஈஸ்டருக்கு வருகிறேன்’ என்று பெரிதாக எழுதினேன்.

முடித்ததும் ஒரு திருப்தி. நல்ல செய்திக் கடிதம் அல்லவா? குசினியில் மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டுவைத்தேன். எங்கள் வீட்டில் மங்கலக் கடிதம் எதுவும் மஞ்சள் படாமல் போனதில்லை. கை தன்பாட்டில் செய்துவிட்டது. பிறகுதான் யோசித்தேன், துடைத்தேன், கறை போகவில்லை. அமெரிக்கப் பழந்தாள் என்று நினைப்பார்கள்.

இன்றைக்கு வாசித்தேன். கிழவி வழக்கம்போல முதலில் கடிதத்தை வாங்கி மணந்து பார்த்தா. தம்பியின் சுருட்டு மணக்கும் என்பா. இன்றைக்கு நெடுநேரம் மூக்கில் வைத்திருந்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“வாசி, கண்டோ.”

வாசித்தேன். ஒரு இடத்திலும் குறுக்கே கேள்வி இல்லை. முடிந்ததும் கடிதத்தை வாங்கி மடித்து மெத்தைக்கடியில் வைத்தா. பின்னேரம் பீனோ கேட்டபோது எடுத்துக் கொடுத்தா. அவன் இரண்டு வரி பார்த்தான். “மாமாவின்ர பாஷை வரவர மோசம். இதை மனிசர் வாசிப்பினமோ?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். படித்தவனே ஏமாந்தான்.

12-3-1991

கிழவி நன்றாகச் சாப்பிடுகிறா. கேள்விதான் கூடிவிட்டது. இன்றைக்குக் கேட்டா, “பயணம் தம்பிக்குக் கஷ்டமா இருக்குமோ? நோகுமோ?”

“இல்லை சின்யோரா. நித்திரையில வருவார். ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது.”

லூசியின் கடிதத்தில் நித்திரையிலேயே என்றுதான் இருந்தது.

“தனியவோ?”

“மகள் பக்கத்தில இருப்பா. கையைப் பிடிச்சுக்கொண்டு.”

“சரி” என்றா. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. வெயில் கண்ணில் பட்டிருக்கவேண்டும், துடைத்தா.

19-3-1991

யோசேப்புத் திருநாள். வீட்டுக்கு வீடு எண்ணெய்ப் பலகாரம். கிழவி படியிறங்கி வாசல்வரை நடந்தா. முழுத் தெருவும் கை தட்டியது. என்னைக் காட்டி, “இவன்தான் எழுப்பினவன்” என்றா. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு கிழமைகூட இல்லை. பிளேன் பழுது என்று எழுதலாம். காய்ச்சல் என்று எழுதலாம். எத்தனை காய்ச்சல் எழுதுவது?

22-3-1991

வாகீசன் ஒரு கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டு வந்து காட்டினான். நாவற்பழ நிறம், கரையில் பூ வேலை.

“ஆருக்கடா?”

“அம்மாக்கு. திருஞானத்தாரின்ர ஆளிட்டக் குடுத்துவிடலாமெல்லோ?”

“யாழ்ப்பாண வெயிலுக்கு இதுவோ?”

“குளிருக்கில்லை மாமா, பெருமைக்கு. பள்ளிக்கூடத்தில மற்றப் பொம்பிளையளுக்கு முன்னால போர்த்திக்கொண்டு இருக்கட்டும். மகன் இத்தாலியில எண்டு.”

நல்ல சால்வை என்றேன். தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினேன்.

27-3-1991

திருஞானத்துக்கு மூன்று தரம் போன். லைன் இல்லை.

இங்கே பீனோ வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டிருக்கிறான், மாமா வந்து குறை சொல்லக்கூடாதாம். பழைய கோபத்தை மறந்து வைன் பெட்டி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறான். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் வரும் என்று நான் சொல்லியிருப்பேன், கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

29-3-1991, பெரிய வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

காலையில் கீழ்வீட்டு மனிசி ஒரு சுருட்டிய கடதாசியைக் கிழவியிடம் கொடுத்துவிட்டுப் போனா. கிழவி என்னைக் கூப்பிட்டா. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா.

“இதை வாசி.”

விரித்தேன். கறுப்புக் கரை போட்ட நீளத் துண்டு. இங்கே சாவீட்டு வாசலில் ஒட்டுவார்கள். யார் செத்தார்களோ அவர்களின் முறை மட்டும் அதில் இருக்கும். பெயர் இருக்காது.

“வாசிக்கத் தெரியாதோ, கண்டோ? எல்லாம் வாசிப்பாயே.”

“என் தம்பிக்காக” என்று வாசித்தேன். இதில் ஒரு சொல்லும் சேர்க்க முடியவில்லை.

“அமெரிக்காவில கடிதத்துக்கு மஞ்சள் பூசுற பழக்கம் இல்லை, மகனே” என்றா. “என்ர தம்பியின்ர கடிதம் சுருட்டு மணக்கும். நீ வாசிச்சது உன்ர கறிச்சட்டி மணந்தது. அண்டைக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சின்யோரா…”

“ஏன் சாப்பிட்டனான் எண்டோ? சாப்பிடாட்டி நீ இன்னும் கடிதம் எழுதுவாய் எண்ட பயம்தான்.”

சிரித்தா. முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. பிறகு சிரிப்பு வேறு ஏதோவாக மாறி, முந்தானை இல்லாத பெண் என்பதால் சட்டைக் கையால் முகத்தை மூடினா. நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

“நித்திரையில எண்டது மெய்யோ?”

“மெய். சத்தியமா மெய்.”

“மகள் கையைப் பிடிச்சிருந்தது?”

“அதுவும் மெய்.”

“போதும். என்னை அழக்கூட விடாமல் ஒரு மாதம் வைச்சிருந்திட்டாய். நீ நல்லவன், ஆனால் இனி ஆருக்கும் இதைச் செய்யாதை. அழுகிறதும் ஒரு சாப்பாடு மாதிரித்தான், அதையும் நேரத்துக்குக் குடுக்க வேணும்.”

பசை காய்ச்சினேன். கதவில் நான்தான் ஒட்டினேன். கோணலில்லாமல் ஒட்டினேன். பிள்ளையாருக்குப் பின்னாலிருந்த படத்தை எடுத்து அவவின் கையில் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாத விரலால் இரண்டு திகதியையும் தடவினா.

31-3-1991, ஞாயிறு, ஈஸ்டர்

பீனோ மனைவி பிள்ளைகளோடு வந்தான். வாசலில் துண்டைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டான். தாய் அவனிடம், “பங்கும் போச்சு, கள்ளனும் போச்சு. வா, சாப்பிடு” என்றா. என்னை அவன் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். வைன் போத்தலைத் திறந்து முதல் கிளாசை எனக்கு வார்த்தான்.

மத்தியானம் வாகீசன் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தான். கதவில் ஒட்டியதைப் பார்த்தான், கிழவி நடந்ததெல்லாம் அவனுக்குச் சொன்னா. மஞ்சள் கதையைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு படியில் வைத்துத் திரும்பினான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை.

“மாமா… அம்மான்ர கதையிலயும் மஞ்சள் பூசினியளோ?”

“போடா விசரா, வேலைக்கு நேரமாகுது” என்றேன்.

போனான். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று இறங்கினான். வேலை முடித்து வருகிறேன் என்று கீழிருந்து சொன்னான். கிழவி கதவடியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறா. தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவ. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டா.

அவன் வந்தால் என் வாய் வேறு ஏதாவது சொல்லிவிடும். என் வாயை எனக்குத் தெரியும். ஆகவே முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். பிறகு இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுத்துவிடுவேன்.

வாகீசன், திருஞானம் போன் எடுத்தது உண்மை. ஊரிலிருந்து ஒரு ஆள் வந்தது உண்மை. ஷெல் விழுந்து சனம் எழும்பியதும் உண்மை. பெர்மெஸ்ஸோ என்றால் என்ன என்று அம்மா கேட்டதும் உண்மைதான், ஆனால் அது பாதை பூட்ட முன்னம் வந்த கடைசிக் கடிதத்தில். அக்காவை எழும்பின சனத்தோடு ஒருவரும் காணவில்லை என்றுதான் அந்த ஆள் சொன்னார். சுகம் என்பது நான் சேர்த்தது.